அந்துப்பூச்சி மட்டும் அல்ல... ரிக்ரஷன் டெஸ்டிங்குக்கு அன்றே வழிகாட்டிய கடற்படை அதிகாரி கிரேஸ் ஹாப்பர்!

உங்கள் போனில் இருக்கும் பேங்க் ஆப்புக்கு ஒரு அப்டேட் வருகிறது. புதிதாக டார்க் மோட் சேர்த்திருக்கிறார்கள். சூப்பர் என்று உடனே அப்டேட் செய்துவிடுகிறீர்கள். மறுநாள் காலை டீக்கடையில் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் பணம் போகவில்லை. நேற்று வரை ஒழுங்காக வேலை செய்ததுதான். டார்க் மோடுக்கும் டீக்காசுக்கும் என்னங்க சம்பந்தம்?

சம்பந்தம் இருக்கிறது. சாஃப்ட்வேரில் ஒரு இடத்தைத் தொட்டால், தொடாத இன்னொரு இடம் உடைந்துபோவது ரொம்ப சகஜம். இதை ரிக்ரஷன் என்பார்கள். முன்பு சரியாக இருந்தது இப்போது பின்னோக்கிப் போய்விட்டது என்று அர்த்தம். எதை மாற்றினாலும் பழைய வசதிகள் எல்லாம் இன்னும் சரியாக இருக்கின்றனவா என்று மறுபடியும் சோதிப்பதுதான் ரிக்ரஷன் டெஸ்டிங். நூற்றுக்கணக்கான சோதனைகளை ஒவ்வொரு முறையும் மனிதர்கள் உட்கார்ந்து செய்தால் பொறுமையும் போகும், தவறும் வரும். அதனால் அந்த வேலையை ஒரு புரோகிராமிடமே ஒப்படைத்துவிடுகிறார்கள். அதுதான் ஆட்டோமேஷன். ஐடியில் இருக்கும் உங்கள் நண்பர்களில் யாராவது ஒருவராவது இதைத்தான் செய்துகொண்டிருப்பார்.

இது ஏதோ நேற்று வந்த ஐடியா இல்லை. செலினியம் போன்ற டூல்கள் எல்லாம் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, அமெரிக்கக் கடற்படையில் 60 வயதைத் தாண்டிய ஒரு பெண் அதிகாரி, கம்ப்யூட்டரே கம்ப்யூட்டரைப் பரிசோதிக்கும் புரோகிராம்களை உருவாக்கும் குழுவுக்குத் தலைமை தாங்கினார். அவர் கிரேஸ் ஹாப்பர். கம்ப்யூட்டருக்குள் செத்துக்கிடந்த பூச்சியின் கதையால் பலருக்கும் தெரிந்த பெயர். ஆனால், அந்தப் பூச்சியைவிடப் பெரிய விஷயம் ஒன்றை அவர் விட்டுச் சென்றிருக்கிறார்.

7 கடிகாரங்களைப் பிரித்த சிறுமி

1906 டிசம்பர் 9 அன்று நியூயார்க்கில் பிறந்தவர் கிரேஸ் ப்ரூஸ்டர் மர்ரே. ஏழு வயதில் வீட்டில் இருந்த அலாரம் கடிகாரம் ஒன்றை, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கப் பிரித்துப்போட்டார். திரும்பப் பொருத்தத் தெரியவில்லை. சரி, இன்னொன்றைத் திறந்து பார்த்தால் புரியும் என்று அதையும் பிரித்தார். இப்படியே வீட்டில் இருந்த 7 கடிகாரங்களும் காலி. திட்டுவதற்குப் பதிலாக, இனி ஒரு கடிகாரத்தை மட்டும் வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டார் அம்மா.

வாசர் கல்லூரியில் கணிதமும் இயற்பியலும் படித்து 1928-ல் பட்டம் பெற்றார். 1930-ல் யேல் பல்கலைக்கழகத்தில் முதுகலை. அதே ஆண்டு வின்சென்ட் ஹாப்பருடன் திருமணம். 1934-ல் யேலிலேயே கணிதத்தில் முனைவர் பட்டம். படித்த வாசர் கல்லூரியிலேயே பேராசிரியராகவும் ஆகிவிட்டார். நல்ல வேலை, நல்ல பெயர். அங்கேயே செட்டில் ஆகியிருக்கலாம்.

அப்போதுதான் இரண்டாம் உலகப் போர் அவர் வாழ்க்கையைத் திருப்பிப்போட்டது.

37 வயதில் சீருடை

கிரேஸின் கொள்ளுத்தாத்தா அமெரிக்கக் கடற்படையில் அட்மிரலாக இருந்தவர். தானும் கடற்படையில் சேர வேண்டும் என்று முடிவெடுத்தார் கிரேஸ். வயது அதிகம் என்றார்கள். எடையும் தேவையான அளவைவிட 15 பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட 7 கிலோ குறைவு. விதிவிலக்கு கேட்டு வாங்கி, 1943 டிசம்பரில் கடற்படையின் பெண்கள் ரிசர்வ் பிரிவில் சேர்ந்தார். பயிற்சியில் தன் பிரிவில் முதல் இடம்.

1944 ஜூலையில் அவரை ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்தது மார்க் 1 என்ற ராட்சதக் கணக்கிடும் இயந்திரம். 51 அடி நீளம், 8 அடி உயரம், சுமார் 5 டன் எடை. இவ்வளவு பெரிய இயந்திரத்தால் ஒரு நொடிக்கு வெறும் 3 கூட்டல்தான் போட முடியும். ஆனாலும் போர்க்காலத்தில் அதுவே பொக்கிஷம். அதை வடிவமைத்த ஹோவர்டு எய்க்கன்தான் கிரேஸின் மேலதிகாரி. கறாரான மனிதர். கிரேஸ் அங்கே கால் வைத்ததுமே வேலையைக் கொடுத்துவிட்டார்.

4 என்று எழுதினால் முக்கோணம் ஆகும்

மார்க் 1-க்குக் கட்டளைகளைக் காகித நாடாவில் துளைகளாகப் போட வேண்டும். ஒரு துளை இடம் மாறினால் விடையும் மாறிவிடும். போர்க்காலக் கணக்கில் விடை தப்பானால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

கிரேஸும் சக ஊழியர்களும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஒருமுறை சரியாக வேலை செய்த கட்டளைத் தொகுப்பை நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்துக்கொள்வார்கள். அடுத்த முறை அதே கணக்கு தேவைப்பட்டால், பக்கத்து மேஜைக்காரரின் நோட்டை வாங்கிக் காப்பி எடுத்துக்கொள்வார்கள். இன்றைய கோட் லைப்ரரியின் தாத்தா என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிரச்சினை எங்கே வந்தது தெரியுமா? காப்பி எடுக்கும்போது. கையால் பார்த்து எழுதும்போது 4 என்ற எண், முக்கோணம் போன்ற டெல்டா குறியாக மாறிவிடும். பி என்ற ஆங்கில எழுத்து 13 ஆகிவிடும். ஏற்கெனவே சரி என்று நிரூபிக்கப்பட்ட ஒன்று, வேறொரு இடத்துக்குப் போனதும் தப்பாகிவிடும். கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர்களே கூட்டலிலும் காப்பி அடிப்பதிலும் சொதப்புகிறார்கள் என்பதைக் கிரேஸ் கண்கூடாகப் பார்த்தார்.

சலிப்பூட்டும் வேலையைத் திரும்பத் திரும்பச் செய்தால் மனிதன் தவறுவான், இயந்திரம் தவறாது. இந்தப் பாடத்தை அவர் கடைசி வரை மறக்கவில்லை.

சரி, அந்தப் பூச்சி?

இதையும் தெளிவுபடுத்திவிடலாம். 1947 செப்டம்பர் 9. ஹார்வர்டில் மார்க் 2 இயந்திரம் தடுமாறியது. பிரித்துப் பார்த்தால் ஒரு ரிலேவுக்குள் அந்துப்பூச்சி ஒன்று செத்துக்கிடந்தது. அதை எடுத்து லாக் புக்கில் டேப் போட்டு ஒட்டி, உண்மையிலேயே ஒரு பூச்சி கண்டுபிடிக்கப்பட்ட முதல் சம்பவம் இது என்று கிண்டலாக எழுதி வைத்தார்கள். அந்த நோட்டு இன்றும் வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, பூச்சியோடு.

பலரும் நினைப்பதுபோல பூச்சியைக் கண்டுபிடித்தவர் கிரேஸ் அல்ல. பக் என்ற சொல்லை உருவாக்கியவரும் அவர் அல்ல. எடிசன் காலத்திலேயே இயந்திரக் கோளாறுக்கு அப்படிச் சொல்லும் பழக்கம் இருந்தது. அதனால்தான் அந்தக் கிண்டலே எடுபட்டது. ஆனால், கிரேஸ் இந்தக் கதையை மேடைக்கு மேடை சுவையாகச் சொன்னார். கதை அவர் பெயரிலேயே ஒட்டிக்கொண்டது.

விழுந்து எழுந்த வருடம்

போர் முடிந்தது. 1945-ல் விவாகரத்து. ஹார்வர்டில் அவருக்கு நிரந்தர வேலை கிடைக்கவில்லை. 1949-ல் ஃபிலடெல்ஃபியாவில் எக்கர்ட், மாக்லி இருவரும் நடத்திய கம்ப்யூட்டர் நிறுவனத்தில் சேர்ந்தார். வெளியே பார்க்க எல்லாம் நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும், அந்தக் காலகட்டத்தில் அவர் மதுப்பழக்கத்தால் கடுமையாகப் பாதிக்கப்பட்டிருந்தார். நண்பர்கள் கவலைப்பட்டார்கள். அதிலிருந்து மீண்டு வந்த பிறகுதான் அவருடைய மிகப்பெரிய சாதனைகள் எல்லாம்.

முதல் சாதனை 1952-ல். நோட்டிலிருந்து காப்பி எடுக்கும் வேலையைக் கம்ப்யூட்டரிடமே கொடுத்தால் என்ன என்று யோசித்து, ஏ-0 என்ற கம்பைலரை உருவாக்கினார். ஒவ்வொரு கட்டளைத் தொகுப்புக்கும் ஒரு எண். அந்த எண்களை மட்டும் கொடுத்தால் போதும். கம்ப்யூட்டரே காந்த நாடாவில் தேடி எடுத்து, கோத்து, முழு புரோகிராமாக்கித் தந்துவிடும். இன்று கம்பைலர் என்று நாம் சொல்வதோடு ஒப்பிட்டால் ரொம்ப எளிமையானதுதான். ஆனால், அன்று அதைத் தொட்டுப் பார்க்கக்கூடப் பலர் தயாராக இல்லை. கம்ப்யூட்டர் கணக்குதான் போடும், புரோகிராம் எழுதாது என்று அடித்துச் சொன்னார்கள்.

அடுத்து, ஆங்கிலச் சொற்களிலேயே கட்டளை எழுதும் ஃப்ளோ-மேட்டிக். ஆங்கிலத்தில் மட்டுமல்ல, பிரெஞ்சிலும் ஜெர்மனிலும்கூட முடியும் என்று டெமோ காட்டினார். அமெரிக்கக் கம்ப்யூட்டருக்குப் பிரெஞ்சு எப்படிப் புரியும் என்று நிர்வாகம் மிரண்டுபோனதாம்.

ஒரே புரோகிராம், இரண்டு கம்ப்யூட்டர்

1950-களின் இறுதியில் ஒரு பெரிய தலைவலி. ஒவ்வொரு கம்பெனியின் கம்ப்யூட்டரும் ஒவ்வொரு மொழி பேசியது. கம்ப்யூட்டரை மாற்றினால் எல்லா புரோகிராமையும் முதலிலிருந்து எழுத வேண்டும். இதற்குத் தீர்வு காண 1959 மே மாதம் பென்டகனில் ஒரு கூட்டம் நடந்தது. அதிலிருந்து பிறந்ததுதான் கோபோல். இதை ஒரு குழுதான் வடிவமைத்தது. கிரேஸ் தொழில்நுட்ப ஆலோசகராக இருந்தார். அவருடைய ஃப்ளோ-மேட்டிக்கின் சாயல் கோபோலில் அழுத்தமாக இருந்ததால், அவரைக் கோபோலின் பாட்டி என்று செல்லமாக அழைப்பார்கள்.

1960 டிசம்பர் 6, 7 தேதிகளில் கிட்டத்தட்ட ஒரே கோபோல் புரோகிராம், இரண்டு வெவ்வேறு கம்பெனிகளின் கம்ப்யூட்டர்களில் ஓடிக் காட்டியது. ஒன்று ஆர்சிஏ, இன்னொன்று யூனிவாக். அன்று எல்லோரும் கைதட்டினார்கள்.

ஆனால், ஒருமுறை ஓடியது என்பது எப்போதும் ஓடும் என்பதற்கு உத்தரவாதமா? அங்கேதான் நம் கதையின் முக்கியமான திருப்பம்.

7 மாதம் மட்டுமே நீடித்த ஓய்வு

1966 டிசம்பர் இறுதியில், 60 வயதில், கடற்படை ரிசர்விலிருந்து கிரேஸ் ஓய்வு பெற்றார். வாழ்க்கையிலேயே சோகமான நாள் அதுதான் என்று பிறகு சொன்னார். ஆனால், 1967 ஆகஸ்ட்டில் கடற்படையே திரும்ப அழைத்தது. ஆறு மாதம் மட்டும் வாருங்கள் என்றார்கள். அந்த ஆறு மாதம், நடுவில் சின்ன இடைவெளியோடு, 19 ஆண்டுகள் ஓடியது!

எதற்காக அழைத்தார்கள்? கோபோல் குழப்பத்தைச் சரிசெய்ய. கடற்படையின் வெவ்வேறு தளங்களில் வெவ்வேறு கம்பெனிகளின் கம்ப்யூட்டர்கள். எல்லோரும் எங்களிடம் கோபோல் இருக்கிறது என்றுதான் விற்றார்கள். ஆனால், ஒருவரின் கோபோலில் இருப்பது இன்னொருவரிடம் இருக்காது. சிலர் தங்கள் சொந்தச் சரக்கையும் சேர்த்திருப்பார்கள். ஒரு தளத்தில் சரியாக ஓடிய புரோகிராம் இன்னொரு தளத்தில் படுத்துவிடும். அல்லது இன்னும் மோசமாக, சத்தமே இல்லாமல் தப்பான விடை தரும்.

1968-ல் கோபோலுக்கு அமெரிக்க தேசியத் தரநிலை வந்தது. பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. தரநிலை என்பது காகிதம். நாங்கள் தரநிலைப்படிதான் செய்திருக்கிறோம் என்று விற்பவர் சொன்னால், அதை எப்படிச் சரிபார்ப்பது? கம்பைலரில் பிழை இருந்தால், அதன் வழியாக வரும் எல்லா புரோகிராமிலும் அந்தப் பிழை இருக்கும். புரோகிராமர் மண்டையைப் பிய்த்துக்கொண்டு தன் கோடில் தேடிக்கொண்டிருப்பார். பிழையோ வேறு எங்கோ இருக்கும்.

காப்பி எடுக்கும் வேலையை மனிதர்களிடமிருந்து வாங்கி இயந்திரத்திடம் கொடுத்தவர் கிரேஸ். இப்போது அந்த இயந்திரத்தை யார் சரிபார்ப்பது?

வார்த்தையை நம்பாதே, ஓட்டிப் பார்

கடற்படையின் புரோகிராமிங் மொழிகள் குழுவுக்கு 1967 முதல் 1977 வரை கிரேஸ் இயக்குநர். அவருடைய குழு கையில் எடுத்தது, கம்பைலர்களைப் பரிசோதிக்கும் புரோகிராம்களின் தொகுப்பு. அந்தப் புரோகிராம்களும் கோபோலிலேயே எழுதப்பட்டன. இது தனிமனித சாதனை அல்ல. குழுவில் பலர் உட்கார்ந்து, தரநிலையில் சொல்லப்பட்ட அம்சங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சோதனைகள் எழுதினார்கள்.

எப்படி வேலை செய்யும்? இந்த வகைத் தொகுப்பின் பிந்தைய பதிப்புகள் இன்றும் கிடைக்கின்றன. அவற்றைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். கூட்டல் கட்டளையைச் சோதிக்க வேண்டும் என்று வையுங்கள். சோதனை புரோகிராம் ஒரு கூட்டலைச் செய்யும். சரியான விடை என்ன என்பது புரோகிராமுக்குள்ளேயே ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும். வந்த விடையையும் வர வேண்டிய விடையையும் அதுவே ஒப்பிடும். இரண்டும் பொருந்தினால் பாஸ் என்று அச்சிடும். பொருந்தாவிட்டால் ஃபெயில் என்று போட்டு, கணக்கிட்டது இவ்வளவு, சரியானது இவ்வளவு என்று இரண்டையும் காட்டிவிடும். கடைசியில் எத்தனை பாஸ், எத்தனை ஃபெயில் என்று கணக்கும் வரும்.

இன்னொரு சாமர்த்தியமும் உண்டு. எல்லா சோதனை புரோகிராம்களும் ஒரே பெரிய ஃபைலில் இருக்கும். கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் மாறும் விவரங்கள், அதாவது பிரின்டர் பெயர், டேப் பெயர் போன்றவை வரும் இடங்களில் வெறும் அடையாளக்குறிகள் மட்டும் இருக்கும். தொகுப்போடு வரும் ஒரு நிர்வாகப் புரோகிராம், வேண்டிய சோதனைகளைப் பிரித்தெடுத்து, அந்த இடங்களை நிரப்பித் தரும். அதனால் எந்தக் கம்பெனியின் கம்ப்யூட்டருக்கும் சோதனையைக் கையால் திருத்தி எழுத வேண்டியதில்லை. கையால் திருத்தினால் என்ன ஆகும்? 4 முக்கோணமாகும், பி 13 ஆகும். கிரேஸுக்குத் தெரியாதா என்ன!

டெஸ்டிங் வேலையில் இருப்பவர்களுக்கு இது ரொம்பப் பழக்கமான காட்சியாக இருக்கும். எதிர்பார்க்கும் விடை, கிடைத்த விடை, பாஸ், ஃபெயில், கடைசியில் ரிப்போர்ட். சூழலுக்கு ஏற்ப மாறுவதை மட்டும் தனியாகப் பிரித்து வைக்கும் கான்ஃபிகரேஷன். எல்லாமே அங்கே இருந்தது.

இது எப்படி ரிக்ரஷன் டெஸ்டிங் ஆகும்?

நியாயமான கேள்வி. அடிப்படையில் இவை தரநிலைக்கு ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் சோதனைகள்தான். ஆனால், நடைமுறையில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு கம்பைலர் சில சோதனைகளில் ஃபெயில் ஆகிறது. தயாரித்தவர்கள் அதைத் திருத்துகிறார்கள். திருத்தியதில் வேறு எங்காவது உடைந்ததா என்று எப்படித் தெரியும்? முழுத் தொகுப்பையும் மறுபடி ஓட்ட வேண்டும். புது பதிப்பு வந்தாலும் மறுபடி. ஃபெயில் ஆனதை மட்டும் சோதித்துவிட்டுப் போக முடியாது.

1970-களில் இது வெறும் கடற்படை விவகாரமாக நிற்கவில்லை. அமெரிக்க அரசுக்குக் கோபோல் கம்பைலர் விற்க வேண்டும் என்றால் இந்தச் சோதனைக்கு உட்படுத்த வேண்டும் என்ற நிலை வந்தது. பெரிய கம்பெனியோ சின்ன கம்பெனியோ, எல்லோருக்கும் ஒரே வினாத்தாள். அதுவும் முன்கூட்டியே எல்லோருக்கும் தெரிந்த வினாத்தாள். மார்க்கெட்டிங் பேச்சு அங்கே எடுபடாது, ரிப்போர்ட் மட்டும்தான் பேசும்.

கிரேஸின் அலுவலகத்தில் ஒரு சுவர்க் கடிகாரம் இருந்தது. அதன் முட்கள் எதிர்த்திசையில் சுற்றும். ஆனால், நேரம் துல்லியமாகக் காட்டும். எப்போதும் இப்படித்தானே செய்தோம் என்ற மனநிலை அவருக்கு ஆகவே ஆகாது என்பதற்கான அடையாளம் அது. அவருடைய சோதனைகளுக்கும் அது பொருந்தும். கம்பைலரை உள்ளே எப்படி வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளுங்கள். வெளியே வரும் விடை சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

குறையே இல்லையா?

இருக்கிறது. சோதனை என்பது, எழுதியவருக்குத் தோன்றியதை மட்டுமே சோதிக்கும். தோன்றாத மூலையில் பிழை ஒளிந்திருந்தால் எல்லா வரியிலும் பாஸ் என்றே வரும். எதிர்பார்க்கும் விடையைத் தவறாக எழுதியிருந்தால், சரியான கம்பைலரையே ஃபெயில் ஆக்கிவிடும். தரநிலை மாறும்போது சோதனைகளையும் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் பழைய வினாத்தாளை வைத்துப் புதிய பாடத்துக்குப் பரீட்சை வைத்த கதைதான். இன்றைய ஆட்டோமேஷன் டீம்களுக்கும் அதே தலைவலிகள்தான். எழுதி வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தால் அங்கேயே ஆபத்து ஆரம்பம்.

கடைசி வரை சீருடையில்

1973-ல் கேப்டன், பிறகு ரியர் அட்மிரல் என்று உயர்ந்தார். 1986 ஆகஸ்ட்டில், பாஸ்டனில் யுஎஸ்எஸ் கான்ஸ்டிடியூஷன் என்ற பழம்பெரும் போர்க்கப்பலின் மேல்தளத்தில் பிரிவுபசார விழா. அப்போது அவருக்கு வயது 79. பணியில் இருந்த கடற்படை அதிகாரிகளிலேயே மூத்தவர். அதன் பிறகும் சும்மா இருக்கவில்லை. டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் ஆலோசகராகச் சேர்ந்தார். 1992 ஜனவரி 1 அன்று, 85 வயதில் மறைந்தார். ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் முழு ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்யப்பட்டார். 2016-ல் அமெரிக்காவின் உயரிய குடிமக்கள் விருதான அதிபரின் சுதந்திரப் பதக்கம், மறைவுக்குப் பின் அவருக்கு வழங்கப்பட்டது.

கோபோல் இன்னும் சாகவில்லை. உலகின் பல வங்கிகளிலும் அரசு அலுவலகங்களிலும் பின்னணியில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. இலவசமாகக் கிடைக்கும் ஜிஎன்யூ-கோபோல் கம்பைலரை மேம்படுத்துபவர்கள், அந்தப் பரம்பரையில் வந்த கோபோல்-85 சோதனைத் தொகுப்பை இன்றும் ஓட்டிப் பார்க்கிறார்கள். அதில் 9,000-க்கும் மேற்பட்ட சோதனைகள். எழுதி ஓய்ந்த கைகள் எத்தனையோ. ஆனால், ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அதே பாஸ், ஃபெயில் பட்டியல் வந்து விழுகிறது.

அடுத்த முறை ரிலீஸுக்கு முந்தைய இரவில், சின்ன சேஞ்ச்தானே, டெஸ்ட் எல்லாம் எதற்கு என்று டீமில் யாராவது கேட்டால், அந்த நோட்டுப் புத்தகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கேயும் புதிதாக யாரும் எதையும் எழுதவில்லை. சரியாக இருந்ததைப் பார்த்துக் காப்பி மட்டும்தான் எடுத்தார்கள்.